டி.டி.சி.எஸ்: எரிச்சலுக்கு முதல் காரணம் ஸ்பாஞ்ச்

மனச்சோர்வு போன்றவற்றுக்காக மண்டைக்கு மேலிருந்து மூளைக்கு மெல்லிய நேர்மின்சாரம் செலுத்தும் டி.டி.சி.எஸ் கருவியை மாதக்கணக்கில் ஓட்டினால் ஒன்று புரியும். அரிப்பு, எரிச்சல், சிவப்பு என்று வந்தால் எல்லோரும் மின்சாரத்தைக் குறை சொல்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் ஸ்பாஞ்சில்தான், அதாவது மின்சாரம் தரும் ரப்பர் தகட்டுக்கும் தோலுக்கும் நடுவே இருக்கும் ஈர உறையில்.

வழக்கமான அளவு 2 மில்லியாம்பியர், 20 முதல் 30 நிமிடம், 5×7 செ.மீ. ஸ்பாஞ்ச். கருவி மின்னோட்டத்தை மாறாமல் பிடித்து வைக்கும். அதனால் ஸ்பாஞ்சின் ஓரம் காய்ந்தாலும் ஓட்டம் குறையாது. ஈரம் மிச்சமிருக்கும் காசளவு இடத்துக்குள் மொத்த 2 மில்லியாம்பியரும் நெருக்கியடித்து நுழையும். கொப்புளம் வருவது அங்கேதான்.

நனைக்க 0.9 சதவீத சலைன் (உப்புநீர்) போதும். குழாய்த் தண்ணீரில் நனைத்துத் தோல் புண்ணான சம்பவங்கள் மருத்துவ இதழ்களிலேயே பதிவாகியுள்ளன. உப்பைக் கூட்டினாலும் அரிப்புதான் கூடும். ஸ்பாஞ்சின் ஒரு பக்கத்துக்கு சுமார் 6 மி.லி. என்று சிரிஞ்சில் அளந்து விடுங்கள். அமுக்கினால் மேற்பரப்பு பளபளக்க வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டினால் சலைன் முடி வழியே பரவி, மருத்துவர் குறித்த இடத்தை விட்டு மின்சாரமும் அந்த ஈரத்தின் பின்னாலேயே போய்விடும். இதில் மீட்டர் வேறு ஏமாற்றும்: சொட்டச் சொட்ட நனைந்த ஸ்பாஞ்சுக்கும் மின்தடை அழகாகக் குறைவாகவே காட்டும். பாதி நேரத்தில் ஓரங்களைத் தொட்டுப் பார்த்து, காய்ந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் சலைன் விட வேண்டும்.

தலையில் எண்ணெயோ ஜெல்லோ இருந்தால் துடைத்துவிடலாம். தோலைச் சுரண்டக் கூடாது, கீறலில் மின்சாரம் குவியும். புண் இருந்தால் ஆறும்வரை அமர்வே வேண்டாம். ரப்பர் தகடும் கம்பியின் உலோக முனையும் உறைக்குள் முழுசாக இருக்கட்டும்.

தொடக்கத்தில் மின்னோட்டத்தை மெல்ல ஏற்றவும் முடிவில் மெல்ல இறக்கவும் தலா 30 வினாடி. ஓடும்போது கம்பியைப் பிடுங்கினால் கண்ணில் மின்னல் வெட்டும், தலை சுற்றும். நெற்றியில் தடம் பதியுமளவு ஸ்ட்ராப்பை இறுக்குவதும் தலைவலிக்கு ஒரு காரணம்.

முடிந்ததும் ஸ்பாஞ்சை அலசிக் காயவைக்காவிட்டால் உப்புப் படிந்து விறைத்துப்போகும், அடுத்த முறை ஈரம் சீராக ஏறாது. விறைத்த ஸ்பாஞ்சையும் வெடித்த ரப்பரையும் தூக்கிப் போடுங்கள்.

ஸ்பாஞ்சால் வராத ஒன்றும் உண்டு. மனச்சோர்வுக்காகப் போடுபவருக்குத் தூக்கம் சுருங்கி, பேச்சும் உற்சாகமும் திடீரென எகிறினால் அது நோய் குணமானதன் அடையாளமல்ல. அடுத்த அமர்வுக்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.