தாராவி ஞாயிறு வகுப்பு: அக்டோபரில் மட்டும் நம்பாதீர்கள்

தொண்ணூறு அடி சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் சந்து. அதன் நடுவில் இருக்கும் கோயில் கூடத்தில் ஞாயிறு காலை ஒன்பது முதல் பதினொன்றரை வரை கல்லூரிப் பிள்ளைகள் வந்து பாடம் சொல்லித் தருகிறார்கள். கட்டணம் இல்லை. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி இரண்டு வருடமாகப் போகிறாள். பிள்ளையைச் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டது, அதனால் எழுதிவைக்கிறேன். நாற்பது வருடம் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவன் நான். பிழை கண்ணில் பட்டால் சும்மா இருக்க வராது.

அங்கே உருப்படியான பாடம் மராத்திதான். மகாராஷ்டிரத்தில் எந்தப் பள்ளியில் படித்தாலும் மராத்தி கட்டாயம் என்று 2020இல் சட்டமே போட்டுவிட்டார்கள். தமிழில் ஒரே 'க'வை வைத்துக்கொண்டு எல்லா ஒலியையும் ஒப்பேற்றிவிடுகிறோம், மராத்தியிலோ அதற்கு நான்கு எழுத்துகள். பேத்தி நான்கையும் ஒன்றாகவே படித்து, பள்ளியில் சிவப்பு மை வட்டம் வாங்கி வருவாள். இங்கே வந்த மராத்திப் பெண் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அவள் உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டாள். முதல் எழுத்தைச் சொன்னால் தாள் அசையக் கூடாது. இரண்டாவதற்குப் படபடக்க வேண்டும். அவ்வளவுதான் பாடம். அதன் பிறகு ஒரு வாரம் எங்கள் வீட்டில் காலண்டர் தாள் மிஞ்சவில்லை. மராத்தி 'ள' மட்டும் நம் பிள்ளைகளுக்குத் தானாகவே வந்தது. இந்தி பேசும் தொண்டன் ஒருவன் அதைச் சொல்ல முடியாமல் திணற, பேத்தி அவனுக்கு ஆசிரியை ஆகிவிட்டாள்.

அந்தப் பெண்ணைப் பிள்ளைகள் 'தாயி' என்று கூப்பிடுகிறார்கள். மராத்தியில் அக்கா என்று பொருளாம். திருநெல்வேலியில் நாங்கள் பேத்தியைக் கொஞ்சுகிற சொல் அது. யார் யாரை அழைக்கிறார்கள் என்று இன்றுவரை நான் திரும்பிப் பார்க்கிறேன்.

ஆங்கிலம், கணக்கு இரண்டும் சுமார். யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

மருத்துவக் கல்லூரி மாணவர்கள் கண் பார்க்க வந்த நாளைச் சொல்லியாக வேண்டும். அட்டைக்கும் பிள்ளைக்கும் நடுவே ஆறு மீட்டர், அதாவது இருபது அடி, இருக்க வேண்டுமாம். பத்துக்குப் பத்து வீடுகளில் இருபது அடிக்கு எங்கே போவது? கூடத்திலும் இடம் போதவில்லை. எங்கள் சந்தின் நீளத்தையே நாடாவால் அளந்து, முனைச் சுவரில் அட்டையை மாட்டினார்கள். மூன்று பல் சீப்பு மாதிரி ஓர் எழுத்து. பல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் விரலைக் காட்ட வேண்டும். தலையில் இட்லிப் பாத்திரத்தோடு யாராவது குறுக்கே வந்தால் பரிசோதனை நிற்கும். வலது கண்ணை மூடியதும் பேத்தி காட்டிக்கொண்டிருந்த கையை இறக்கிவிட்டாள். தலைவலி என்று அவள் சொன்னதெல்லாம் பள்ளிக்குப் போகாமலிருக்கச் சாக்கு என்று நாங்கள் திட்டியிருக்கிறோம். இப்போது கண்ணாடி போட்டிருக்கிறாள்.

இரத்தப் பரிசோதனையில்தான் கோட்டைவிட்டார்கள். ஹீமோகுளோபின் 10.2 என்று வந்தது. அந்த வயதுக்கு 11.5க்குக் கீழே போனாலே சோகை. கூட வந்த டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, தேநீரோடு விழுங்காதே, எலுமிச்சைச் சாறு நல்லது என்றார். நல்ல அறிவுரைதான். மாத்திரை தின்றால் மலம் கறுக்கும் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. மருமகள் பயந்துபோய் நான்காம் நாளே நிறுத்திவிட்டாள். அவள் நிறுத்தியது அவர்களுக்குத் தெரியாது, ஏனென்றால் யாரும் திரும்பி வந்து கேட்கவில்லை. பிறகு சயான் ஆஸ்பத்திரியில் போய் விசாரித்துத்தான் மறுபடி தொடங்கினோம்.

அடுத்தது, மாணவர்கள் சொல்லாமல் நின்றுபோவது. நாட்டு நலப்பணித் திட்டத்தில் மாணவர்கள் வருடத்துக்கு 120 மணி நேரம் சேவை காட்ட வேண்டும், இரண்டு வருடத்துக்கு 240. கூடத்தின் சாவி என்னிடம் இருப்பதால் அவர்கள் நோட்டில் கையெழுத்தும் நான்தான் போடுகிறேன். ஒரு பையனுக்கு 118 ஆகியிருந்தது. அடுத்த ஞாயிறு வந்தான். அதற்கடுத்த ஞாயிறு இல்லை. அவனிடம் வகுத்தல் படித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுச் சிறுவன், அடுத்த இலக்கத்தைக் கீழே இறக்காமல் பாதியில் நின்ற கணக்கோடு வந்து உட்கார்ந்திருந்தான். 'தாயி'க்கு 240 எப்போதோ முடிந்துவிட்டது. இன்னமும் வருகிறாள், நோட்டை நீட்டுவதில்லை.

அக்டோபரில் கல்லூரிப் பரீட்சை வந்ததும் மொத்தக் கூட்டமும் தீபாவளி முடியும்வரை காணாமல் போகிறது. பிள்ளைகளுக்கு முதல் பருவப் பரீட்சை வருவதும் அதே மாதம்தான்! முதல் வருடம் பேத்தி பையை மடியில் வைத்துக்கொண்டு பத்து மணிவரை கூடத்துப் படியிலேயே இருந்தாள். கொஞ்சம் முன்னால் சொல்லியிருந்தால் நானாவது வாய்ப்பாடு ஒப்புவிக்கச் சொல்லிக் கேட்டிருப்பேன். இந்த வருடம் தேதிகளை எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.

மதிப்பெண் கேட்டால் பத்துக்கு ஆறரை, மராத்திக்கு மட்டும் ஒன்பது. சேர்ப்பவர்கள் ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் முன்னால் வாருங்கள். பாய் கொண்டுவாருங்கள், கோயில் பாய் கிழிந்திருக்கிறது.