கிலி தீவுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு: என் 13,000 ரூபாய் போச்சு

நேற்று மதியம்தான் எல்லாம் முடிந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பாலி வரும் நம்மவர்கள் பலர் கிலி டிராவாங்கானுக்கும் ஓர் எட்டு போய்வருகிறார்கள். பாலிக்குப் பக்கத்துத் தீவான லொம்போக்கை ஒட்டிய குட்டித் தீவு. கார், பைக் கிடையாது. சைக்கிள், இல்லையென்றால் சிடோமோ என்கிற குதிரை வண்டி. "பேரே கிலியா இருக்கே" என்று மனைவி சிரித்தாள். நான்தான் கேட்கவில்லை.

பாலியில் உபுத் என்கிற ஊரில் நாங்கள் தங்கிய தெருமுனையில் ஒரு டூர் கவுண்டர். ஒரு மேசை, ஒரு கரும்பலகை, அவ்வளவுதான். இந்தியா என்றதும் பையன் ஷாருக்கான் பாட்டை எடுத்துவிட்டான். இருவருக்கும் போக வர ஸ்பீட் போட், இரண்டு இரவு ரூம், மொத்தம் 24 லட்சம் ருபியா. நம்ம காசுக்கு 13,000 ரூபாய். கார்டு மெஷின் ரிப்பேர் என்று தன் ஸ்கூட்டரிலேயே ஏடிஎம்முக்குக் கூட்டிப்போனான்! சீட்டில் திரும்பும் தேதிக்கு நேரே பேனாவால் 'ஓப்பன்' என்று எழுதி, "எந்தப் படகுல வேணும்னாலும் ஏறலாம் சார்" என்றான். அங்கேதான் விழுந்தேன்.

பாலியின் பாடாங்பாய் துறைமுகத்திலிருந்து போன படகில் குறையில்லை. தீவில் இறங்கி, மணி குலுங்கும் குதிரை வண்டியில் பெட்டிகளோடு போனால் விடுதியில் எங்கள் பேரே இல்லை. ரெஜிஸ்டரை எங்கள் பக்கம் திருப்பியே காட்டினார்கள். கவுண்டர் பையனை வாட்ஸ்அப்பில் கேட்டேன். "பத்து நிமிஷம்." அப்புறம், "இன்னிக்குக் கோயில் விசேஷம், ஆபீஸ் லீவு." அப்புறம், "பாஸ் பேசுவார்." கடைசியில் நீல டிக் மட்டும்தான். கைக்காசு போட்டு வேறு ரூம் எடுத்தோம். கடலில் ஆமைகூடப் பார்த்தோம், ரசிக்கத்தான் மனசில்லை.

திரும்பும் நாள், படகு கவுண்டரில் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வந்ததுக்கு மட்டும்தான் பணம் கட்டியிருக்கு, ஏஜென்டைக் கேளுங்க" என்றார்கள். சுற்றிலும் கடல், கோபித்துக்கொண்டு எங்கே நடப்பது? இன்னொரு 8 லட்சம் ருபியா அழுதேன். உபுதில் அதே மேசை, அதே கரும்பலகை, ஆனால் வேறு ஒரு பெண். "அவன் வேலையை விட்டுட்டான்." சீட்டைக் கையில்கூட வாங்கவில்லை. 13,000 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்தது ஒரு வழிப் படகு!

விவரமாக டிப்ஸ் எழுதித் தருவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான்: படகுக் கம்பெனியிடமே நேராக டிக்கெட் எடுங்கள், அதுவும் போக மட்டும். 'ஓப்பன்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ரூமுக்குப் பணம் தருமுன் விடுதிக்கே போன் போடுங்கள். கேஷ் வேண்டவே வேண்டாம்.

மீதியை ஊருக்கு வந்து எழுதுகிறேன். அந்த நம்பருக்கு இன்னொரு முறை அடித்துப் பார்க்க வேண்டும்.