‘ஃபிளையிங் டிராகன்’ என்று சொல்லி நேர்த்தண்டுச் செடியை விற்கிறார்கள்

இங்கிலாந்தில் வீட்டு முகப்பில் முள் ஆரஞ்சுச் செடி வைக்க நினைப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

மூவிலை ஆரஞ்சு என்றும் சொல்லப்படும் இச்செடி சீனாவைத் தாயகமாகக் கொண்டது; எலுமிச்சைக் குடும்பத்தில் மைனஸ் 15 டிகிரி குளிரையும் வெட்டவெளியில் தாங்கி நிற்கும் அரிய செடி. குளிர்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுப் பச்சைத் தண்டும் முள்ளுமாக நிற்கும். அதன் குட்டை வகையான ‘ஃபிளையிங் டிராகனில்’ தண்டு பாம்பாக நெளியும், முட்கள் கொக்கிபோல் கீழ்நோக்கி வளையும். வில்வத்தைப் போல மும்மூன்றாக இலை விடுவதால் என் அம்மாவுக்கு அதன்மேல் ஆசை. அவருக்காகவே இரண்டு ஆண்டுகளுக்கு முன், டிசம்பரில், ஓர் இணையவழி நர்சரியில் 38 பவுண்டு கொடுத்து வாங்கினேன்.

பெட்டியைப் பிரித்தால், முழங்கால் உயரக் குச்சி ஒன்று அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருந்தது. முட்கள் எல்லாம் ஈட்டியாக நீட்டிக்கொண்டிருந்தன. விற்பனைப் படத்தில் பார்த்த நெளிவு எங்கே என்று அன்றே எழுதிக் கேட்டேன். மூன்றாம் ஆண்டில்தான் வளையத் தொடங்கும், பொறுத்திருங்கள் என்று பதில் வந்தது. நம்பி, நடைபாதையை ஒட்டியே நட்டுவிட்டேன்.

அந்தப் பதில் பொய். நெளிவு நாற்றிலேயே தெரிந்துவிடும். இவ்வகையின் விதைகளில் பெரும்பாலானவை தாய்ச்செடியின் அச்சாகவே முளைத்தாலும், மகரந்தச் சேர்க்கையில் உருவான கருவிலிருந்து வரும் சில கன்றுகள் நேராக வளர்ந்துவிடும் என்பதால், பொறுப்புள்ள நர்சரிக்காரர்கள் அவற்றைப் பார்த்துப் பார்த்து ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு வந்தது அப்படி ஒதுக்கியிருக்க வேண்டிய கன்று, அல்லது ஒட்டுக்கட்டுவதற்கு வேர்ச்செடியாகப் பயன்படும் சாதாரண மூவிலை ஆரஞ்சு. குட்டையாக நிற்கும் என்று நம்பி வைத்த செடி இடுப்புயரம் தாண்டியும் நேராகவே போகிறது. போன மாதம் தபால்காரரின் சட்டைக் கையைக் கிழித்தது.

இந்நாட்டின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, விவரித்தபடி இல்லாத பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். பொறுத்திருக்கச் சொன்ன அந்த ஒரு பதிலை நம்பி அந்த 30 நாளையும் இழந்தேன். மறுபடி எழுதியபோது, காலம் கடந்துவிட்டது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

வாங்குவதென்றால், உங்களுக்கு அனுப்பப்போகும் அதே செடியை, இலையுதிர்ந்த நிலையில், முள் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வந்து சேர்ந்த செடியின் முள் நேராக இருந்தால், யார் என்ன சமாதானம் சொன்னாலும் மண்ணில் வைக்காமல் அன்றைக்கே எழுத்தில் மறுத்துத் திருப்பி அனுப்புங்கள்.