அடுக்குமாடி வீட்டில் ஐந்து வாட் ட்யூப் ஆம்ப்: நான்கு வருட அனுபவம்

நான்கு வருடங்களுக்கு முன் பிளாக்ஸ்டார் எச்டி-5ஆர் என்ற ஐந்து வாட் கிட்டார் ஆம்ப் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத, ஆம்ப் மட்டும் உள்ள பெட்டி) ஒன்றைப் பழையதாக வாங்கினேன். பழைய வால்வு ரேடியோக்களைப் போல ட்யூபில், அதாவது வெற்றிடக் குழாயில், ஓடும் ஆம்ப் இது. அன்றிலிருந்து வாரத்தில் ஐந்து நாளாவது அதில் வாசிக்கிறேன். சென்னையில் மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை வீடு. அதில் சின்ன அறைதான் என் கிட்டார் அறை. கீழ் வீட்டில் வயதான தம்பதி இருக்கிறார்கள், பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன். நான் வாசிப்பதோ மெட்டல், அதுவும் ட்ராப் சி ட்யூனிங்கில் (அடிக்கம்பியை வழக்கத்தைவிடத் தாழ்த்தி சி சுரத்துக்கு இறக்கும் முறை).

சின்ன ட்யூப் ஆம்ப் வாங்கினால் வீட்டிலேயே, யாருக்கும் தொந்தரவில்லாமல் ஹை கெயின் டோன், அதாவது மெட்டலுக்குரிய கனத்த, கரகரப்பான டிஸ்டார்ஷன் ஒலி, கிடைக்குமா என்று நிறையப் பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கிடைக்கும். ஆனால் வாட் குறைவாக இருப்பதால் அது கிடைப்பதில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கே ஒன்றரை வருடம் ஆனது. அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கணக்குப் போடுவோம். கிட்டார் ஸ்பீக்கர்களில் பலரும் விரும்பும் செலஸ்டியன் வின்டேஜ் 30, ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் சத்தம் தரும். ஐந்து வாட் கொடுத்தால் 107. நூறு வாட் கொடுத்தால் 120. பவரைப் பாதியாக்கினால் 3 டெசிபல்தான் குறையும். காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தோன்ற 10 டெசிபல் குறைய வேண்டும், அதற்குப் பவர் பத்தில் ஒரு பங்காக வேண்டும். அதாவது 50 வாட் ஆம்பை விட்டுவிட்டு 5 வாட்டுக்கு வந்தால், முழு வால்யூமில் சத்தம் பாதியாகிறது, அவ்வளவுதான். ஒரு சின்ன அறைக்கு 107 டெசிபல் என்பது தாங்க முடியாத சத்தம்.

வீட்டில் நான் வாசிக்கும் அளவு 80 டெசிபலை ஒட்டி இருக்கும். அதே ஸ்பீக்கரில் அதற்குத் தேவைப்படுவது ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு. இந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அந்த அளவில் ஐந்து வாட் ஆம்பின் பவர் ட்யூபும் (ஸ்பீக்கரை ஓட்டும் கடைசிக் கட்ட ட்யூப்) சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது. 'பவர் ட்யூபை முறுக்கி எடுக்கும் டோன்' படுக்கையறை வால்யூமில் ஐந்து வாட்டிலும் வராது, ஒரு வாட்டிலும் முழுதாக வராது. மார்ஷல் டிஎஸ்எல்1 போன்றவற்றில் 0.1 வாட் நிலை வைத்திருப்பது இதனால்தான்.

நல்லவேளை, மெட்டலுக்கு அது தேவையே இல்லை. மாஸ்டர் வால்யூம் (மொத்தச் சத்தத்தை மட்டும் கட்டுப்படுத்தும் திருகி) இல்லாத அறுபதுகளின் மார்ஷல்களில் டிஸ்டார்ஷன் வேண்டுமென்றால் பவர் ட்யூப்களைத் திணறடித்தே ஆக வேண்டும். 1992-ல் வந்த பீவி 5150 போன்ற ஆம்ப்களில் கதை வேறு. அதில் ஐந்து 12ஏஎக்ஸ்7 (ஐரோப்பியப் பெயர் ஈசிசி83) ட்யூப்கள். கெயின் பெரும்பாலும் ப்ரீஆம்பிலேயே (கிட்டார் சிக்னலை முதலில் பெருக்கும் பகுதி) அடுக்கடுக்காக உருவாகிவிடும். பவர் பகுதி அதை இறுக்கமாக, கலங்காமல் ஸ்பீக்கருக்குக் கொண்டுபோனால் போதும். நவீன ஹை கெயினுக்கு நல்ல ப்ரீஆம்பும் நல்ல ஸ்பீக்கரும்தான் முக்கியம். வாட் அதற்குப் பிறகுதான்.

அப்படியானால் ஐந்து வாட் எதற்கு? மாஸ்டர் வால்யூம் திருகியில்தான் பலனே. பெரிய ஆம்ப்கள் பலவற்றில் வீட்டு அளவு என்பது திருகியின் முதல் மயிரிழை அசைவுக்குள் முடிந்துவிடும். சற்று நகர்த்தினால் ஒன்றுமில்லை, இன்னும் சற்று நகர்த்தினால் சுவர் அதிரும். என் ஹெட்டில், திருகியைக் கடிகார முகப்பாகப் பார்த்தால், எட்டு மணி நிலையிலிருந்து பத்து மணி நிலை வரை நிதானமாகப் பிடிக்க இடம் இருக்கிறது. இரவு ஏழு மணிக்கு ஒரு அளவு, ஞாயிறு மதியத்துக்கு ஒரு அளவு என்று வைத்துக்கொள்ளலாம். தினமும் வாசிப்பவருக்கு இது பெரிய வரம்.

இந்த ஹெட்டுக்குள் இருப்பது இரண்டே ட்யூப்கள். ப்ரீஆம்பில் ஒரு ஈசிசி83, பவருக்கு ஒரு 12பிஎச்7. இந்த 12பிஎச்7 பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் படத்தை மேலும் கீழும் விரிக்கும் வேலைக்காக வந்த இரட்டை ட்ரையோடு, அதாவது ஒரே கண்ணாடிக்குள் இரண்டு ட்யூப். அதன் இரண்டு பாதிகளையும் புஷ்-புல்லாக (ஒன்று தள்ள, மற்றது இழுக்க) ஓட்டி ஐந்து வாட் எடுக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. சிங்கிள் எண்டட் (ஒரே ட்யூப் முழு அலையையும் சுமக்கும்) சின்ன ஆம்ப்களின் தளர்வு இல்லாமல், பெரிய ஆம்பின் விறைப்பு கொஞ்சம் கிடைக்கிறது. ஒரே ஒரு ஈசிசி83-ஐ மட்டும் வைத்துக்கொண்டு இத்தனை கெயின் வராது. ட்யூபோடு சாலிட் ஸ்டேட் பாகங்களும் கைகோர்த்துத்தான் வேலை செய்கின்றன. 'அப்போ இது அசல் ட்யூப் ஆம்ப் இல்லையே' என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நான் வாசிக்கும்போது பாம் மியூட் (உள்ளங்கையால் கம்பியை லேசாக அழுத்தியபடி அடிப்பது) எப்படி விழுகிறது, கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் டோன் எப்படித் தெளிகிறது என்பதைத்தான் பார்க்கிறேன். இரண்டிலும் எனக்கு நிறைவு.

குறைந்த வால்யூமிலும் ட்யூப் ஆம்ப் உயிரோடு ஒலிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ட்யூப் பவர் பகுதியும் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரை இறுக்கிப் பிடிப்பதில்லை. ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் (அது மின்னோட்டத்துக்குத் தரும் தடை) எங்கெல்லாம் ஏறுகிறதோ, அதாவது அடி பேஸிலும் மேல் ட்ரெபிளிலும், அங்கெல்லாம் ஒலியும் சற்று எழும்புகிறது. இது சத்தத்தின் அளவைப் பொறுத்ததல்ல. மெதுவாக வாசித்தாலும் அந்த எழுச்சி இருக்கும்.

சரி, ஸ்பீக்கருக்கு வருவோம். முதல் எட்டு மாதம் வீட்டில் கிடந்த ஒரு எட்டு அங்குல ஸ்பீக்கர் பெட்டியில்தான் வாசித்தேன். கெயின் கொசு ரீங்காரம் போல இருந்தது. ஆம்ப்தான் காரணம் என்று நினைத்து விற்கக்கூட முடிவு செய்தேன். அப்புறம் ஒரு நண்பர் தன் பன்னிரண்டு அங்குல வின்டேஜ் 30 கேபினெட்டைக் கொண்டுவந்து மாட்டினார். அதே ஹெட், அதே திருகி நிலைகள், வால்யூமும் அதே. ஒரு கார்டு அடித்தோம், இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அடுத்த மாதமே தெரிந்த ஆசாரி ஒருவரிடம் 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில், பின்பக்கம் முழுக்க மூடிய ஒரு பெட்டி செய்யச் சொன்னேன். பின்பக்கம் மூடினால்தான் பாம் மியூட்டின் 'தம்' நெஞ்சில் விழும். ஆம்புக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியை ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள் என்று இன்று யார் கேட்டாலும் சொல்கிறேன்.

ஆனால் அந்தப் பெட்டி வந்த இரண்டாவது வாரமே கீழ் வீட்டு அம்மா மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"தம்பி, பாட்டு ஒண்ணும் கேக்கலப்பா. ஆனா சாயங்காலம் கட்டில் லேசா அதிருது."

மன்னிப்புக் கேட்டுவிட்டு மேலே வந்தேன். அவர் சொன்னதில் எல்லாமே இருந்தது. காற்றில் போகும் சத்தத்தைச் சுவரும் கதவும் ஓரளவு தடுத்துவிடும். தரையில் நேராக உட்கார்ந்திருக்கும் பெட்டியின் அதிர்வைக் கான்கிரீட் அப்படியே கீழே கொண்டுபோகும். ட்ராப் சி-யில் அடிக்கம்பியின் அதிர்வெண் சுமார் 65 ஹெர்ட்ஸ். அதைத் தளம் விழுங்காது. அன்றே பெட்டியைத் தரையிலிருந்து எடுத்து ஒரு கனமான மர ஸ்டூலில் வைத்தேன். ஸ்டூலின் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர், பெட்டிக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் இலவம்பஞ்சுத் தலையணை. எஃபெக்ட்ஸ் லூப்பில் (ப்ரீஆம்புக்கும் பவர் பகுதிக்கும் நடுவில் உள்ள இணைப்பு) ஒரு ஈக்யூ பெடல் போட்டு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே நன்றாகக் குறைத்தேன். ஒரு வாரம் கழித்துக் கீழே போய்க் கேட்டேன். "இப்ப ஒண்ணும் தெரியலப்பா" என்றார். அந்தப் பதிலுக்குப் பிறகுதான் நிம்மதியாக வாசிக்க முடிந்தது.

பெட்டி மேலே ஏறியதில் எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. முழங்கால் உயரத்தில் இருக்கும் ஸ்பீக்கரை நின்றபடி கேட்டால் அதன் ட்ரெபிள் காதுக்கு வராது, நாம் ட்ரெபிளைக் கூட்டிக்கொண்டே போவோம். காது உயரத்தில் வைத்ததும் ட்ரெபிள் திருகியை ஒரு மணி அளவு குறைத்தேன். ரெக்கார்டிங்கில் இருந்த கீச்சும் அதோடு போனது.

குறைந்த சத்தத்தில் டோன் அமைப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சத்தம் குறையக் குறைய நம் காதுக்குப் பேஸ்தான் முதலில் மங்கும், ட்ரெபிளும் ஓரளவு மங்கும். பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வெளியிட்டுவிட்டார்கள். அதனால் வீட்டில் மிட்டை (நடு அதிர்வெண்களை) வழித்தெடுத்துவிட்டுப் பேஸையும் ட்ரெபிளையும் தூக்கி வைத்தால் அருமையாக இருக்கும். அதே அமைப்போடு ஜாம் ரூமுக்கு (பேண்டோடு சேர்ந்து வாசிக்கும் அறை) போனால் ட்ரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போகும். நான் இரண்டு அமைப்புகளைக் காகிதத்தில் எழுதி ஹெட்டின் மேல் ஒட்டியிருக்கிறேன். வீட்டுக்குக் கெயின் ஒரு மணி நிலை, மிட் பன்னிரண்டு. ஜாமுக்குக் கெயின் பதினொன்று, மிட் இரண்டு. ஐஎஸ்எஃப் என்ற திருகி ஒரு பக்கம் அமெரிக்க ஆம்ப் குணத்துக்கும் மறுபக்கம் பிரிட்டிஷ் குணத்துக்கும் நகர்த்தும். அதை அமெரிக்கப் பக்கமாகக் கால் அளவில் வைத்தேன், பிறகு தொடவே இல்லை.

ஆம்புக்கு முன்னால் ஒரு ட்யூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் பெடல், ட்ரைவ் பூஜ்ஜியம், லெவல் முழுசு. அது பேஸைக் கொஞ்சம் வெட்டிவிட்டு உள்ளே அனுப்புவதால் தடித்த கம்பிகளின் குழப்பம் தெளிகிறது. இது இல்லாமல் நான் மெட்டல் வாசிப்பதில்லை. பின்னால், வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் ஒரு நாய்ஸ் கேட். அவ்வளவுதான்.

பராமரிப்பில் ட்யூபைவிட நம் ஊரின் கரன்டும் காற்றும்தான் அதிகக் கவனம் கேட்டன. மே மாதச் சாயங்காலங்களில் தெருவில் எல்லா ஏசியும் ஓடும்போது என் வீட்டு மின்னழுத்தம் 205 வோல்ட் வரை இறங்குவதை மீட்டரில் பார்த்திருக்கிறேன். அப்போது ஆம்பின் தாக்கம் மழுங்கிவிடும். ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தபின் அந்தப் பிரச்சினை இல்லை. கடல் காற்றின் ஈரத்தில் வருடத்துக்கு ஒருமுறை திருகிகள் கரகரக்கும். ரிச்சி தெருவில் கான்டாக்ட் க்ளீனர் கிடைக்கிறது, சொட்டு விட்டுப் பத்து முறை திருப்பினால் சரியாகிவிடும்.

மூன்றாவது வருடம் உயர்ந்த கெயினில் ஒரு 'ணங்' ஒலி சேர்ந்துவர ஆரம்பித்தது. ஈசிசி83 மைக்ரோஃபோனிக் ஆகிவிட்டது, அதாவது அதிர்வையே ஒலியாக எடுக்கத் தொடங்கிவிட்டது. பென்சிலால் மெல்லத் தட்டினால் அந்தத் தட்டல் ஸ்பீக்கரில் மணியடிக்கும், அதுதான் சோதனை. இணையக் கடை ஒன்றில் வாங்கிய மாற்று ட்யூப் வந்த அன்றே அதைவிட மோசமாக மணியடித்தது, திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. இன்னொரு இடத்தில் வாங்கினேன், அது இன்றுவரை நன்றாக ஓடுகிறது. இப்போது எப்போதும் ஒன்று கூடுதலாக வாங்கி வைக்கிறேன்.

12பிஎச்7-ஐயும் அந்தச் சமயத்திலேயே மாற்றிவிடலாம் என்று ஒரு பெரியவரிடம் எடுத்துப் போனேன். அணைத்த பிறகும் ட்யூப் ஆம்பின் கெபாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான வோல்டேஜ் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் தயவுசெய்து திறக்க வேண்டாம். அந்தப் பெரியவர் நாற்பது வருடம் வால்வு ரேடியோக்களைப் பழுது பார்த்தவர். மூடியைக் கழற்றியதும் ஈசிசி83-ஐ விரலால் சுட்டினார். "இது நம்ம பெங்களூர்லயே செஞ்சாங்களே தம்பி" என்றார். உண்மைதான். பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-ல் அங்கே ரேடியோ வால்வுகள் தயாரிக்கத் தொடங்கியது. இன்று நமக்கு வருபவை ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா என்று மூன்று நாடுகளிலிருந்துதான். ஒரு காலத்தில் ரயிலில் ஓரிரவு தூரத்தில் செய்யப்பட்ட பொருளுக்கு இன்று மூன்று வாரம் காத்திருக்கிறோம் என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

ஜாம் ரூம் பற்றிக் கேட்பவர்களுக்கு: நான்கு ஸ்பீக்கர் கேபினெட்டில் மாட்டினால் ஓவர்டிரைவ் சேனல் நிதானமான ட்ரம்மரோடு தாக்குப்பிடிக்கும். க்ளீன் முடியாது. ஐந்து வாட்டில் எந்த ஆம்பாக இருந்தாலும் ட்ரம்ஸுக்கு மேலே க்ளீன் எழும்பும் முன்பே உடையத் தொடங்கும், அது இயற்பியல். மேடையில் மைக் வைத்துவிட்டால் கவலையில்லை. க்ளீனும் சத்தமாக வேண்டும், வாரா வாரம் பேண்டோடு வாசிக்க வேண்டும் என்றால் 15, 20 வாட் ஹெட்களைப் பாருங்கள். 2006-ல் ஆரஞ்ச் டைனி டெரர் வந்ததிலிருந்து இந்த 'டிபன் பாக்ஸ்' அளவு ஹெட்கள் நிறைய வந்துவிட்டன. ஈவிஎச் 5150III எல்பிஎக்ஸ் நண்பரிடம் இருக்கிறது. இரண்டு ஈஎல்84 ட்யூப்கள், 15 வாட். அதன் சிவப்புச் சேனலை வாசித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டில் அதை அடக்க நல்ல மாஸ்டர் வால்யூமும் பொறுமையும் போதும், ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் சத்தத்தைக் குறைக்கும் அட்டெனுவேட்டர்கூட மெட்டலுக்குக் கட்டாயமில்லை.

ஆனாலும் என் ஹெட்டை மாற்றும் எண்ணம் இல்லை. நேற்றுக்கூட பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பரீட்சை என்று எட்டு மணி நிலைக்குக் கீழே வைத்து ஒரு மணி நேரம் வாசித்தேன். அந்த அளவிலும் பாம் மியூட் இறுக்கமாகத்தான் விழுந்தது. பரீட்சை முடிந்ததும் தனக்கு அந்த ரிஃபைச் சொல்லித்தரச் சொல்லியிருக்கிறான்.