சித்தப்பாவின் மூத்திர அடைப்பும் அதற்கு வைத்தியம் பார்த்த இரண்டு இடங்களும்

இடத்தின் பெயர் போடவில்லை, சித்தப்பா வேண்டாம் என்றுவிட்டார். சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையின் யூராலஜி பிரிவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அதற்கு முன்னால் எங்கள் ஊர் கிளினிக்கைச் சொல்லாமல் முடியாது.

சித்தப்பாவுக்கு 61 வயது. எப்போதோ ஒரு ஆபரேஷனுக்கு டியூப் போட்டதில் மூத்திரக் குழாய் சுருங்கி அடைப்பாகிவிட்டது. வருஷத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்குப் போய் கம்பி விட்டு விரித்துக்கொண்டு வருவார். போன வருஷம் அது மாதம் ஒருமுறை என்று ஆனது. உள்ளாடையில் ரத்தப் பொட்டு, குறியின் அடிப்பக்கம் மொச்சைக்கொட்டை மாதிரி ஒரு கட்டி. சொன்னால், "கம்பி விட்டா ரத்தம் வரத்தான் செய்யும்" என்று பதில். பிஎஸ்ஏ பார்த்தார்கள், நார்மல்; வயிற்று ஸ்கேனும் நார்மல்; அதனால் புற்றுநோய் இல்லையாம். பிஎஸ்ஏ புராஸ்டேட்டுக்கான டெஸ்ட், மூத்திரக் குழாயில் வருகிற புற்று அதில் தெரியாது என்பது எங்களுக்குத் தெரியாது, சரி, கிளினிக் டாக்டருக்குமா தெரியாது? ஏழு மாதம் வீண். ஸ்டார் பூஜ்யம்.

சென்னையில் முதல் நாள் டோக்கன் வாங்கி மத்தியானம் இரண்டு மணி வரை உட்கார வைத்தார்கள். எரிச்சலோடுதான் உள்ளே போனோம். ஒரு இளம் டாக்டர். முன்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை கம்பி விட்டார்கள், இப்போது எத்தனை நாளுக்கு என்று கேட்டார், கட்டியை அழுத்திப் பார்த்தார், இரண்டு தொடை இடுக்கிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். "உள்ள ஸ்கோப் விட்டுப் பார்த்து சதை எடுத்துடலாம்ப்பா." அவ்வளவுதான். இந்த ஒரு வரிக்காகத்தான் இந்த விமர்சனமே.

எடுத்த சதையை லேபில் பார்த்த பயாப்ஸியில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அதாவது மூத்திரக் குழாயில் ஒரு வகைப் புற்று, என்று வந்தது. மூத்திரக் குழாயில் வருகிற புற்று எல்லாப் புற்றுநோயிலும் ஒரு சதவீதம்கூட இல்லை, நாள்பட்ட அடைப்பும் புண்ணும் இருப்பவர்களுக்கு வர வாய்ப்பு அதிகம் என்றார்கள். அப்புறம் எம்ஆர்ஐ, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சிடி. சர்ஜன், ரேடியேஷன் டாக்டர், கீமோ டாக்டர் மூன்று பேரும் சேர்ந்து பேசிவிட்டுத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். ஓபி சீட்டின் பின்பக்கம் பேனாவால் குழாயை வரைந்து, உள்ளே தள்ளி, புராஸ்டேட் பக்கமாக வந்திருந்தால் மூத்திரப்பையையே எடுக்க வேண்டி வந்திருக்கலாம், இது முன்பகுதியில் இருப்பதால் குறியை விட்டுவிட்டுக் குழாயை மட்டும் எடுக்கப் பார்க்கிறோம் என்று சர்ஜன் விளக்கினார். அந்தச் சீட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. ஆபரேஷன் நடக்கும்போதே வெட்டிய ஓரத்தை லேபுக்கு அனுப்பி, அங்கே புற்று இல்லை என்று பதில் வந்த பிறகுதான் தையல் போட்டார்களாம்.

மூத்திரம் போக விதைப்பைக்குப் பின்னால் புது வழி. இனி எங்கே போனாலும் உட்கார்ந்துதான். இதைச் சொன்ன நர்ஸம்மாவிடம் சித்தப்பா ரொம்ப நேரம் பேசவில்லை, அப்புறம் மெதுவாக "பஸ் ஸ்டாண்டுல என்னம்மா பண்றது?" என்றார். அந்தம்மா சிரிக்கவில்லை. கட்டணக் கழிப்பிடத்தில் கதவு இருக்கிற அறைக்குப் போங்கள், போன உடனே தண்ணீர் ஊற்றிவிட்டு உட்காருங்கள், வேட்டியை முன்னால் சுருட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு மட்டும் தனியாக ஐந்து ஸ்டார்.

குறை இல்லாமல் இல்லை. வராந்தாவில் அத்தனை பேர் நடுவில் ஒரு வார்டு பையன் "அந்த இடத்து ஆபரேஷன் யாரு?" என்று கத்தியதை மன்னிக்கவே முடியாது. காப்பீட்டு கவுண்டரில் ஒரே ஆதார் ஜெராக்ஸை நான்கு தடவை வாங்கினார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப், இதுவரை இரண்டு முடிந்தது, இரண்டிலும் ஒன்றும் இல்லை. காரில் போகாதீர்கள், வண்டி நிறுத்த இடமே கிடையாது.