முகட்டு நாற்காலி வாங்குவோர் கவனத்திற்கு: பர்மா தேக்கு என்று விற்கப்பட்ட ரப்பர் மரம்

புதுவீட்டுக் கூடத்தில் பழங்காலத் தோற்றமுள்ள முகட்டு நாற்காலி ஒன்றைப் போடும் ஆசை இப்போது எங்கள் இராமநாதபுரம் கடலோர ஊர்களிலும் பலருக்கு வந்திருக்கிறது. முதுகு உயர்ந்து தலைக்கு மேல் கவிழ்ந்து, இரு புறமும் காதோரம் வரை மூடி நிற்கும் அந்த நாற்காலியைத்தான் "பர்மா தேக்கு, நூறு வருடச் சரக்கு" என்று சொல்லி எங்களிடம் 48,000 ரூபாய்க்கு விற்றார்கள். அது தேக்கும் அன்று, பழையதும் அன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் உள்ள அந்தக் கடையின் மீது நுகர்வோர் ஆணையத்தில் முறையிட்டிருப்பதால் பெயரை இங்கு எழுதவில்லை. ஆனால், விற்ற விதத்தைத் தெரிந்துகொண்டால், அதே பேச்சை வேறு எந்தக் கடையில் கேட்டாலும் உங்களால் அடையாளம் காண முடியும்.

மண்டபத்தில் பாக் நீரிணையைப் பார்த்த வீடு எங்களுடையது. வாடைக்காற்று வீசத் தொடங்கிவிட்டால் வடக்குச் சன்னல் வழியாக வரும் காற்று என் தந்தையாரின் காதில் பட்டு வலி எடுத்துவிடும். சன்னலைச் சாத்தினாலோ அவருக்குப் புழுக்கம் தாங்காது. முகட்டு நாற்காலி பிறந்ததே இப்படிப்பட்ட தேவைக்காகத்தான். இங்கிலாந்திலும் பிரான்சிலும் பெரிய மாளிகைகளின் வாசல் கூடத்தில் விழித்திருக்கும் காவலாளியைக் குளிர்காற்றிலிருந்து காப்பதற்காகச் செய்யப்பட்ட அதற்குப் 'போர்ட்டர் சேர்' என்று பெயர். தோல் போர்த்தி, பித்தளைக் குமிழாணி அடித்து, சிலவற்றில் இருக்கைக்கு அடியில் ஓர் இழுப்பறையும் வைத்திருப்பார்கள். எங்களுக்கு அழகு இரண்டாம்பட்சம். காதுக்கு ஒரு மறைப்பு வேண்டும் என்பதே முதல் எண்ணம்.

கடைக்காரர் முதலில் "பழைய பங்களாச் சாமான்" என்று மட்டுமே சொன்னார். தந்தையார் பாம்பனில் வளர்ந்தவர் என்று பேச்சுவாக்கில் தெரிந்த பிறகு அந்தப் பங்களா தனுஷ்கோடிக்கு நகர்ந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த காலத்தில் ரயில்வே அதிகாரி ஒருவருக்காகச் செய்யப்பட்டது, 1964 டிசம்பர் புயலுக்குச் சில நாள் முன்பு வேறு ஊருக்கு எடுத்துச் செல்லப்பட்டதால் தப்பியது என்று கதை நீண்டது. அந்தப் புயலில் பயணிகளோடு ஒரு ரயிலே கடலுக்குப் பலியானதை இந்தக் கரையில் வயதானவர்கள் இன்றும் கண் கலங்காமல் சொல்வதில்லை. தந்தையார் அதில் உறவினரைப் பறிகொடுத்தவர். அவர் அந்த நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றார். மர மோசடியைக்கூட வியாபாரத்தில் நடப்பது என்று ஒருவர் சொல்லக்கூடும். ஒரு முதியவரின் துக்கத்தைத் தெரிந்துகொண்டு அதை விலையில் ஏற்றியதை என்னால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டதற்கு, பழைய தையல் பிரிந்துவிடும் என்று மறுத்துவிட்டார்கள். ரசீதில் "மர நாற்காலி – 1" என்று மட்டுமே இருந்தது. "தேக்கு என்று எழுதித் தாருங்கள்" என்றதற்கு, கணினியில் அப்படித்தான் வரும் என்றார்கள். வாயால் சொன்ன எதுவும் காகிதத்தில் ஏறவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் குமிழாணி ஒவ்வொன்றையும் சுற்றிப் பழுப்பு வளையம் படர்ந்தது. பித்தளையில் இரும்புத் துரு வராது. முகட்டின் உட்புறம் பூஞ்சை வாடை வீசியது. கால்களின் அருகே தரையில் தினமும் கோலமாவு போலப் பொடி கொட்டியது. எங்கள் தச்சாசாரி வந்து அடியில் ஒட்டியிருந்த கறுப்புத் துணியைப் பிரித்தார். உள்ளே வரிசையாக ஸ்டேப்ளர் பின்கள், மஞ்சள் ஸ்பாஞ்ச், சட்டங்களை இணைத்த, தலையில் கூட்டல் குறி வெட்டுள்ள ஸ்டார் ஸ்குரூக்கள். சாயம் படாத இடத்தில் உளியால் சிறிது சீவியபோது வெளிறிய ரப்பர் மரம் தெரிந்தது. முகட்டின் வளைவுக்கு, மரநார்த் தூளைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையைக் கீறி வளைத்திருந்தார்கள். அது ஈரத்தில் ஊதி, விளிம்பு விரலால் உதிர்க்கும் அளவுக்குப் பொருமிப்போயிருந்தது. தோல் என்று சொன்னது ரெக்ஸின்.

1914இல் செய்த நாற்காலியில் இவற்றில் பல இருக்க வழியில்லை. ஸ்டார் ஸ்குரூ சந்தைக்கு வந்ததே 1930களில். பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச் இருக்கைகளில் புழங்கியது 1950களுக்குப் பிறகு. அக்காலத்தில் குதிரை மயிர், தென்னை நார் போன்றவற்றைத்தான் திணிப்பார்கள். பிறகு ஆணியும் பின்னும் மாற்றியிருக்கலாம் என்று வாதிடலாம். அடிச்சட்டமே ரப்பர் மரமாக இருப்பதற்கு அந்த வாதம் உதவாது. மாவுச்சத்து மிகுந்த ரப்பர் மரத்தைச் சரியாக மருந்தேற்றாமல் விட்டால் வண்டு துளைத்துவிடும். கால்களின் அருகே கொட்டிய பொடி அதுதான்.

படங்களை அனுப்பியதும் கடையிலிருந்து வந்த பதில், "உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்பது. இந்தக் கரையிலேயே கடை வைத்திருப்பவர், மண்டபத்து வீட்டுக்கு என்று தெரிந்தே விற்றவர் இப்படிக் கேட்கிறார். அதன்பின் அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

எனவே வாங்கும் முன் நாற்காலியைக் கட்டாயம் கவிழ்த்துப் பாருங்கள். மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். சட்டைப்பையில் சிறு காந்தம் கொண்டு செல்லுங்கள். குமிழாணியில் ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. மரத்தின் வெட்டுமுகத்தில் தேக்கின் வளையங்கள் கண்ணுக்கே தெரியும். மேற்பரப்பின் ரேகை விளிம்பில் தொடராமல் நின்றுவிட்டால் மேலே ஒட்டியது வெறும் மரத்தாள். மரத்தின் பெயரையும் காலத்தையும் ரசீதில் எழுதித் தராதவரிடம் ஒரு ரூபாய்கூட முன்பணம் தராதீர்கள்.

முகட்டு நாற்காலியே இந்தக் கரைக்கு ஒவ்வாதது என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியின் ராஸ்டாக் நகரில் வில்ஹெல்ம் பார்ட்டெல்மன் என்ற கூடை முடைபவர், 1882இல் வாதநோயுள்ள ஒரு பெண்மணி கடற்கரையில் காற்றுப்படாமல் அமர்வதற்காக முடைந்து தந்ததும் முகட்டு நாற்காலிதான். பால்டிக் கரையெங்கும் இன்றும் அதைக் காணலாம். மரம் அரிதான ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் வைக்கோலைத் தைத்து முகடு செய்கிறார்கள். இரண்டிலும் முகடு மூச்சு விடுகிறது. ஸ்பாஞ்ச் அடைத்த முகடோ ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. நம்மிடம் பனைநார்க் கட்டில் பின்னுகிறவர்கள் இருக்கிறார்கள். தேக்கிலோ பூவரசிலோ சட்டம் கட்டி, முகட்டைப் பிரம்பாலோ பனைநாராலோ பின்னச் சொல்லி, பித்தளைத் திருகாணி போட்டு, கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தி உறை தைத்தால் கூடத்திற்கும் அழகு, உடம்புக்கும் சுகம். முகடு மின்விசிறிக் காற்றை மறைக்கும் என்பதால், அதன் முதுகு வாடை வரும் பக்கமாகவும் முகம் உள்வீட்டைப் பார்த்தும் இருக்குமாறு போட வேண்டும். சிறிய கூடத்துக்கு ஒன்றே போதும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தயங்க வேண்டாம். பொருளின் தரத்தையும் சேர்மானத்தையும் பற்றிப் பொய் சொல்லி விற்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக முறை. நாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்தால் வழிகாட்டுவார்கள். நாங்கள் நாற்காலியைப் பழுது பார்க்காமல் பிரித்த நிலையிலேயே வைத்திருக்கிறோம். கழற்றிய ஆணி, சீவிய மரத்துண்டு, கடைக்காரரின் குரல் பதிவுகள் அனைத்தும் ஆணையத்தில் காட்ட வேண்டியவை. நீங்களும் அவற்றை எறிந்துவிடாதீர்கள்.