காதுக்குள் டைரக்டர்: ஐஎஃப்பி அவுட்புட் மாட்யூல், ஊட்டியில் ஓட்டிப் பார்த்தது

ஒயர்லெஸ் மோகம் எனக்கில்லை. லைவ் வேலைக்கு ஒயர் இன்டர்காம்தான். ஐஎஃப்பி என்பது நிகழ்ச்சி ஒலிக்கு நடுவே குறுக்கிட்டு டைரக்டர் தொகுப்பாளர் காதில் பேசும் வசதி. கோவையில் வாங்கிய இந்த மாட்யூலுக்கு, ஒலிக் கருவிகளை இணைக்கும் மூன்று பின் எக்ஸ்எல்ஆர் கேபிள் ஒன்றே போதும்: முதல் பின்னில் கிரவுண்டு, இரண்டில் 30 வோல்ட் டிசி, மூன்றில் பேச்சு. தனி அடாப்டர் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். ஊட்டிக் குளிரில் பேட்டரி எவ்வளவு சீக்கிரம் படுக்கும் என்று இங்கே கேமரா தூக்குகிறவர்களுக்குத் தெரியும்.

மே மாத மலர்க் கண்காட்சியில், தாவரவியல் பூங்காவில், தொகுப்பாளர் காதுக்குக் கொடுத்தேன். நிகழ்ச்சி ஒலி ஓடிக்கொண்டே இருக்கும்; பட்டனை அமுக்கினால் அது தணிந்து என் குரல் மேலே வரும், விட்டால் பழையபடி. எவ்வளவு தணிய வேண்டும் என்பதற்குப் பக்கவாட்டில் சின்ன ஸ்க்ரூ. நிகழ்ச்சி ஒலியை முழுக்க அணைத்துவிடாதீர்கள், பேட்டி கொடுப்பவர் சொன்னது தொகுப்பாளருக்கு விட்டுப்போகும். பேண்டு வாத்தியத்துக்கு நடுவிலும் குரல் பிசிறவில்லை.

வால்யூம் குமிழ்தான் வழவழ, கையுறையோடு திரும்பாது. அதைவிடக் கடுப்பு, சைடுடோன் ஸ்க்ரூவை, அதாவது நம் குரலே நமக்குத் திரும்பக் கேட்கும் அளவைச் சரிசெய்வதை, பின்பக்கம் வைத்திருப்பது. கேபிள் நீளம் மாறினால் அதைத் திருப்பியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் ஸ்பீக்கர் ஊளையிடும். ரேக்கில் மாட்டியபின் கை எப்படிப் போகுமாம்? முன்பக்க ஸ்க்ரூ உள்ள மாடல் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அதையே வாங்குங்கள்.